கொத்தனார் குழாய் போதும்!

கோயமுத்தூரில் ஒரு சந்துக்குள் என் சினேகிதர் ஒருவர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது வருஷம் நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, சாயங்கால வேளைகளில் அந்தப் பட்டறையின் மரப் பெஞ்சுதான் இருப்பிடம். பேச்சும் நடக்கும், கையில் ஆயிலும் ஒட்டும்.

ஒரு நாள் ஒரு வாலிபர் வந்தார். பம்பு செட் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். ஓவர்டைம் செய்து சேர்த்த காசு பாதி, கடன் பாதியாக, பழைய 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். "இத்தனை பெரிய குதிரை எதற்குத் தம்பி?" என்று கேட்டேன். "பிடிச்சிருந்ததுங்க" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன உரிமை? உழைத்துச் சம்பாதித்தவன் தனக்குப் பிடித்ததை வாங்கக் கூடாதா?

அவருடைய குறை இதுதான். சிக்னலில் நின்றால் இன்ஜின் சீராக ஓடுவதில்லை. குடிகாரன் போல் தள்ளாடுகிறது. மெதுவாகப் போனால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. வேகம் பிடித்தாலோ கைப்பிடி நடுங்குகிற நடுக்கத்தில் அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போகின்றன. "நைட் ஷிப்டுக்குப் போய் மெஷின் முன்னாலே நின்னா, விரல்லே உணர்ச்சியே இல்லீங்க. சக்குலே ஜாப் கட்டறப்போ பயமா இருக்குதுங்க" என்றார். லேத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பயம் என்னவென்று தெரியும்.

கம்பெனி வொர்க்ஷாப்பில் வண்டியைக் காட்டியிருக்கிறார். அவர்கள் கொடுத்த எஸ்டிமேட் காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு வரி: 'திராட்டில் பாடி சிங்க்ரனைசேஷன்'. அதற்கு நேரே ரூ. 4,800. "இதை வெளியிலே யாரும் செய்ய முடியாது, எங்களிடம் இருக்கிற கருவியில் மட்டும்தான் முடியும்" என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடன் தவணை வேறு அந்த வாரம்.

பட்டறைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிட்டரண்ணா, அந்தக் கருவி நம்மகிட்டே இல்லீங்களே" என்றார்.

இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

திராட்டில் பாடி என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அது ஒரு சிறு குழாய். குழாய்க்கு நடுவே ஒரு வட்டத் தகடு. தகட்டுக்கு ஒரு அச்சு. ஆக்சிலேட்டரைத் திருகினால் தகடு சாய்ந்து வழி விடுகிறது; விட்டால் மூடிக்கொள்கிறது. காற்றுக்கு அது வாசற்கதவு, அவ்வளவுதான். முன்பு கார்புரேட்டர் இருந்த காலத்தில் காற்றை விடுவதும் பெட்ரோலைக் கலப்பதும் ஒரே சாமானின் வேலை. இப்போது பெட்ரோலை ஒரு சிறு கம்ப்யூட்டர் அளந்து ஊசியால் பீய்ச்சுகிறது. காற்றை விடுகிற வேலை மாத்திரம் இந்தக் கதவுக்கு மிஞ்சியிருக்கிறது.

ஒரு சிலிண்டருக்கு ஒரு கதவு. இரண்டு சிலிண்டர் என்றால் பல வண்டிகளில் இரண்டு கதவு. ஒரே கைப்பிடியைத் திருகும்போது இரண்டும் ஒரே அளவு திறக்க வேண்டும். மயிரிழை வித்தியாசம் வந்தாலும், குறிப்பாகக் கதவு மூடினாற்போல் இருக்கிற ஐடிலிங்கில், இன்ஜின் காட்டிக் கொடுத்துவிடும். ஏனென்றால் ஏற்கெனவே சந்து சிறியது; சிறிய சந்தில் மயிரிழையும் பெரிய பங்கு.

உழவு வேலை தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று முன்னால் இழுக்கிறது, மற்றொன்று பின்தங்குகிறது. ஏர் நேராகப் போகுமா? முந்துகிற மாடு பின்தங்குகிற மாட்டையும் சேர்த்து இழுக்கிறது. இரண்டுக்கும் கழுத்தில் புண். மேழி பிடித்தவனுக்குக் கையில் வலி. அந்த வாலிபரின் விரல் மரத்துப் போவதும் மேழி பிடித்தவன் கைவலியும் ஒன்றுதான்.

இதிலே கம்ப்யூட்டர் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கிற சென்சார் ஒரு பக்கத்துக் கதவில்தான் இருக்கிறது. அந்தக் கதவைப் பார்த்துவிட்டு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோலைக் கம்ப்யூட்டர் விடுகிறது. மறு பக்கம் காற்று கூடுதலாகப் போனால் அங்கே பெட்ரோல் பற்றாக்குறை. காற்றுக் குறைந்தால் அங்கே பெட்ரோல் மிச்சம். சரி, புகையை முகர்ந்து பார்க்கிற சென்சார் சைலன்சர் குழாயில் இருக்கிறதே, அது கண்டுபிடிக்காதா? இரண்டு சிலிண்டரின் புகையும் ஒன்று கலந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தால், அது முகர்வது சராசரிப் புகை. ஒரு பக்கம் பட்டினி, ஒரு பக்கம் அஜீரணம். சராசரி மட்டும் ரொம்பத் திருப்தி! முதலாளியின் வருமானத்தையும் வாசல் கூட்டுகிறவரின் கூலியையும் கூட்டி இரண்டால் வகுத்து, 'நம் ஆலையில் எல்லோரும் சௌக்கியம்' என்று ஆண்டறிக்கையில் போடுவார்களே, அதே கணக்கு.

இப்போது அளப்பது எப்படி என்று பார்ப்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. வாசலில் கதவு ஒருக்களித்திருப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. மெக்கானிக்குகள் இதை 'வேக்கம்' என்பார்கள். கதவு எவ்வளவுக்கு மூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு வேக்கம் அதிகம். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால், இன்ஜின் பக்கமாக, ஒரு சிறு மூக்குக் குழாய் வைத்து ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். அந்த மூக்கில் அளவுக் கருவியை மாட்டி, இரண்டு பக்கத்து வேக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருகாணியைத் திருப்ப வேண்டும். 'சிங்க்ரனைசேஷன்' என்ற பெரிய வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

கம்பெனிக் கருவி என்ன செய்கிறது? இரண்டு பக்கத்து வேக்கம் எவ்வளவு, எவ்வளவு என்று தனித்தனியாக எண் காட்டுகிறது. ஆனால் நமக்கு எவ்வளவு என்பதா வேண்டும்? இரண்டும் ஒன்றா, இல்லையா என்பதுதானே வேண்டும்?

பட்டறைக்கு எதிரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் ஒருவர் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பிடித்து, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மூலை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று தெரியுமா? தெரிய வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் இரண்டு மூலையும் மட்டம். எட்டு மாடிக் கட்டடத்தையும் இந்தக் குழாயை நம்பித்தானே கட்டுகிறார்கள்?

ஆலைத் தோழர்களுக்கு இது இன்னும் பழக்கமான சங்கதி. ஹுமிடிபிகேஷன் பிளாண்ட் சுவரில் வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் கலர்த் தண்ணீர் பார்த்திருப்பீர்கள். பில்டர் அடைத்துக்கொண்டால் ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறு பக்கம் இறங்கும். ரிங் பிரேமில் அறுந்த இழையை உறிஞ்சுகிற காற்றின் இழுப்பையும் இத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்றுதான் அளப்பார்கள். வருஷக்கணக்கில் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே கருவி என்று அன்று சாயங்காலம்தான் மூளையில் உறைத்தது.

கொத்தனாரிடம் குழாயை ஒரு இரவுக்குக் கேட்டு வாங்கினோம். "காலையிலே எனக்கு வேணுமுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஒரு மீட்டர் உயரப் பலகையில் குழாயை 'ப' எழுத்தைப் போல வளைத்து ஆணிக் கொக்கிகளில் செருகினோம். குழாய் மொத்தம் ஆறு மீட்டர். தண்ணீருக்குப் பதிலாக டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயிலை, இரண்டு காலிலும் ஒவ்வொரு முழம் நிற்கிற மாதிரி ஊற்றினோம். ஏன் எண்ணெய்? தப்பித் தவறி இன்ஜினுக்குள் இழுபட்டாலும் கொஞ்சம் எண்ணெய் புகையாக எரிந்து போகும். தண்ணீர் சிலிண்டரில் புகுந்தால் கதை வேறு. தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஐடிலிங்கில் இந்த மாதிரி இன்ஜினில் வேக்கம் பாதரசக் கணக்கில் 25 செ.மீ. அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே அதே வேக்கம் தண்ணீரை 3 மீட்டர் 40 செ.மீ. உயரத்துக்கு இழுக்கும். குழாயின் ஒரு முனையை மட்டும் இன்ஜினில் மாட்டி மறு முனையைக் காற்றில் விட்டால் என்ன ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் குழாயிலுள்ள எண்ணெய் முழுவதும் இன்ஜினுக்குள்! ஆனால் இரண்டு முனையையும் இரண்டு மூக்கில் மாட்டிவிட்டால், இந்தப் பக்கத்து இழுப்பை அந்தப் பக்கத்து இழுப்பு ரத்துச் செய்துவிடுகிறது. மிஞ்சுகிற வித்தியாசம் மட்டும் எண்ணெயில் தெரிகிறது.

அதிலும் ஒரு வேடிக்கை. இரண்டு பக்கத்துக்கும் பாதரசக் கணக்கில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், பாதரசக் கருவியில் அது கண்ணுக்கே தட்டாது. எண்ணெய் தண்ணீரைவிடவும் லேசானது. ஆகவே அதே வித்தியாசம் நம் குழாயில் சுமார் 15 மில்லிமீட்டராக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தெரிகிறது. வித்தியாசம் பார்க்கிற ஒரு காரியத்தில், மலிவான குழாய்தான் நுட்பமான கருவி. விலை ஏறினால் அறிவு ஏறும் என்று யார் சொன்னது?

பாதரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மேல்நாட்டுப் பட்டறைகளில் நான்கு கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குகிற கருவியைத்தான் இதற்கு வைத்திருந்தார்கள். இப்போதும் பழைய சாமான் கடையில் யாராவது அகப்பட்டது என்று கொண்டு வரலாம். வாங்காதீர்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளின் கதை நமக்குத் தெரியாததா? 2001-ல் அந்த ஆலை மூடப்பட்டது. 591 பழைய தொழிலாளிகளுக்கு ஒப்பந்தம் முடிந்து பணம் கிடைக்க 2016 ஆயிற்று. ஐரோப்பாவில் தொழில் உபயோகத்துக்கான பாதரச அளவுக் கருவிகளை விற்பதற்கே 2014-ல் தடை வந்துவிட்டது. எண்ணெய் இருக்கும்போது விஷம் எதற்கு?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது குழாயை மாட்டுவது அல்ல. இதில்தான் அவசரக்காரர்கள் தவறுகிறார்கள். டேப்பட் இடைவெளி ஒரு சிலிண்டரில் ஒரு மாதிரி, இன்னொன்றில் ஒரு மாதிரி இருந்தால், கதவை எப்படித் திருகினாலும் சமன் வராது. வந்தாலும் பொய்ச் சமன். ஆகவே இன்ஜின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் பார்த்தோம். ஒரு பக்கம் இறுகியிருந்தது. பிளக், ஏர் பில்டர் பார்த்தோம். திராட்டில் பாடியை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பர் குழல்களை வளைத்து வெடிப்பு உண்டா என்று பார்த்தோம். வெடித்த ரப்பர் வழியாகத் திருட்டுக் காற்றுப் போனால் அதற்கு எந்தத் திருகாணியும் பதில் சொல்லாது. ஆக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. இதற்கே ஒரு சாயங்காலம் பிடித்தது.

பிறகு அந்த வாலிபரை சூலூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னோம். இன்ஜின் நன்றாகச் சூடானால்தான் அளவு நிஜமாக இருக்கும். திரும்பி வந்ததும் வண்டியைப் பட்டறைக்குள் விடவில்லை; வெளியே திண்ணை ஓரம் நிறுத்தினோம். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு மனிதனைத் தூக்கத்திலேயே கொண்டு போய்விடும். அதற்கு வாசனையும் கிடையாது. முன்னால் ஒரு டேபிள் பேனை வைத்தோம். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானே வரும். நிற்கிற வண்டிக்கு நாம்தான் வீச வேண்டும்.

குழாயின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு காலி பாட்டிலை மாட்டினோம். எண்ணெய் கட்டு மீறி ஓடினால் அது பாட்டிலில் விழும், இன்ஜினுக்குள் போகாது. பட்டறைக்காரர் கட்டைவிரலை ஸ்டாப் சுவிச்சில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார்.

எண்ணெய் கிடுகிடுவென்று வலது காலில் ஏறியது! உடனே நிறுத்தினோம்.

"வலது சிலிண்டர்தான் அதிகமா இழுக்குதுங்க, அதைக் குறைக்கோணும்" என்றார் அந்த வாலிபர். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஆனால் விஷயம் தலைகீழ். எண்ணெய் ஏறுகிற பக்கத்தில் வேக்கம் அதிகம். வேக்கம் ஏன் அதிகம்? கதவு அதிகமாக மூடியிருப்பதால். ஆகவே ஏறுகிற பக்கம் காற்றுக் கிடைக்காத பக்கம். பின்தங்குகிற மாடு அதுதான். ஆக அந்தப் பக்கத்துக்குக் குறைக்கக் கூடாது, கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவன்தான் பலமாக மூச்சை இழுப்பான். அதைப் பார்த்து 'இவனுக்குக் காற்று அதிகம்' என்று யாராவது மூக்கைப் பிடிப்பார்களா?

எண்ணெய் இதயம் துடிக்கிற மாதிரி மேலும் கீழும் குதித்தது. குழாயை ஒரு இடத்தில் சணலால் லேசாக இறுக்கிக் கட்டினோம். துடிப்பு அடங்கி மட்டம் படிக்கும்படி ஆயிற்று. ஐடிலிங்கில் காற்றுத் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி முதலில் சமன் செய்தோம். பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி, இன்ஜின் 2,500 சுற்று வாக்கில் ஓடும்போது மறுபடி பார்த்தால், மறுபடி ஒரு சாண் வித்தியாசம். இதற்கு இரண்டு கதவையும் இணைக்கிற திருகாணி வேறு. அதையும் சரி செய்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கிவிட்டு, ஐடிலிங்குக்கு வந்து மறுபடி பார்த்தோம். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். போய் வந்து, போய் வந்துதான் முடிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஓட்டினால் பத்து நிமிஷம் ஆறவிட்டோம். இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு காலிலும் எண்ணெய் அசையாமல் ஒரே மட்டத்தில் நின்றது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. இருபது நிமிஷத்துக்கு முன்னால் தள்ளாடிக்கொண்டிருந்த இன்ஜின், நல்ல தறி ஓடுகிற மாதிரி ஓடியது.

நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக மார் தட்டவில்லை. ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1993 முதல் விற்ற ஆர் 1100 வகை வண்டிகளையும், பின்னால் வந்த ஆர் 1150 வகையையும் வைத்திருப்பவர்கள் இந்தக் குழாய் வித்தையை வருஷக்கணக்காக வீட்டு முற்றத்திலேயே செய்து வருகிறார்கள். அந்த வண்டியில் சிலிண்டர் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். திராட்டில் பாடியும் இரண்டு கரையில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள். கேபிள் என்றால் நீளும். ஒன்று அதிகம் நீளும், ஒன்று குறைவாக நீளும். ஆகவே சமன் தவறுவது அந்த வண்டியின் சுபாவம். அவர்கள் டேப்பட்டைக் குளிர்ந்த இன்ஜினில் இன்லெட்டுக்கு 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.30 என்று வைத்துவிட்டு, பித்தளைத் திருகாணியால் ஐடிலிங்கையும் கேபிள் நட்டால் மேல் வேகத்தையும் சமன் செய்கிறார்கள். தகடு மூடி நிற்கிற இடத்தை நிர்ணயிக்கிற இன்னொரு திருகாணி உண்டு. அதன் தலையில் பெயிண்ட் வைத்து சீல் செய்திருக்கும். அதை மட்டும் தொடுவதில்லை. கம்ப்யூட்டரின் கணக்கே அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கலைத்தால் எல்லாம் கலையும். எந்த வண்டியானாலும் பெயிண்ட் வைத்த திருகாணியிடம் போகாதீர்கள். கம்பெனி சொல்கிறது என்பதற்காக அல்ல, காரணம் இருக்கிறது என்பதற்காக.

எல்லா வண்டியிலும் இது நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். அதே கம்பெனி 2004-ல் கொண்டுவந்த ஆர் 1200 ஜி.எஸ். வண்டியில் ஐடிலிங் காற்றைக் கம்ப்யூட்டரே சிறு மோட்டார்களால் கூட்டிக் குறைக்கிறது. அங்கே கேபிளை மட்டும்தான் நாம் பார்க்கலாம். கேபிளே இல்லாமல் மின்சாரத்தால் கதவைத் திறக்கிற வண்டிகளும் வந்துவிட்டன. முதலில் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் படியுங்கள். அது கையில் கிடைக்கவில்லையென்றால் திருகாணியைத் தொடாதீர்கள்.

இன்னொரு சாராரிடமும் எனக்குச் சண்டை உண்டு. "இதெல்லாம் எதற்கு? காதால் கேட்டே நான் டியூனிங் செய்துவிடுவேன்" என்று சொல்கிற பழைய மெக்கானிக்குகள். அவர்களுடைய காதுக்கு நான் தலை வணங்குகிறேன். ஸ்பிண்டில் சத்தத்தை வைத்து பேரிங் போனதைச் சொல்லுகிற தொழிலாளிகளோடு வேலை செய்தவன் நான். ஆனால் கொத்தனார் கண்ணால் பார்த்தே மட்டம் சொல்லக்கூடியவர். அப்படியும் குழாயைப் பிடிக்கிறார் அல்லவா? அனுபவத்துக்கு அளவு எதிரி அல்ல. அளக்க மறுக்கிறவர் கம்பெனிக்காரனுக்கே உதவி செய்கிறார். 'வெளி மெக்கானிக் குருட்டாம்போக்கில் திருப்புகிறான்' என்று அவன் சொல்வதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

"650 சி.சி. வண்டி பணக்கார விளையாட்டு. நமக்கும் அதற்கும் என்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு 2020 ஏப்ரல் மாதத்தில் பதில் வந்துவிட்டது. பாரத் 6 புகை விதி அமலுக்கு வந்தபோது, நாம் ஓட்டுகிற 100 சி.சி., 110 சி.சி. வண்டிகளிலும் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், திராட்டில் பாடியும் கம்ப்யூட்டரும் வந்தன. புகை குறைந்தது நல்லது. அதை எதிர்க்க நான் இல்லை. ஆனால் புளிய மரத்தடியில் ஒரு பெட்டி ஸ்பானரோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கிடம் அந்தக் கம்ப்யூட்டரோடு பேசுகிற கருவி கிடையாது. நல்லதைச் செய்த அதே கையால் பூட்டும் போட்டாயிற்று. அந்த மெக்கானிக் இல்லையென்றால், பஞ்சாயத்து ரோட்டில் வண்டி நின்றுபோன விவசாயக் கூலி எங்கே போவார்?

(ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு ஒரே ஒரு கதவுதான். அதில் சமன் செய்ய எதுவும் கிடையாது. உங்கள் 100 சி.சி. வண்டிக்கு 'சிங்க்ரனைசேஷன்' என்று யாராவது பில் போட்டால், எதோடு எதைச் சமன் செய்தீர்கள் என்று கேளுங்கள்.)

இந்தப் பூட்டு நம் ஊர்ப் பூட்டு மாத்திரம் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம் என்ன? அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, கோர்ட் என்று போயின. அந்தத் தீர்ப்பு கார்களைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2022 ஜூனில், வெளிப் பட்டறையில் வேலை செய்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்திய ஹார்லி டேவிட்சன் கம்பெனியை, அந்த நாட்டு வர்த்தக ஆணையம் நிபந்தனையை மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. அதே நாட்டில் கொலராடோ மாகாணத்து விவசாயிகள், தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமைக்காக 2023-ல் ஒரு சட்டமே வாங்கினார்கள். 2024 ஜனவரி முதல் கம்பெனி அவர்களுக்கு உதிரி பாகமும் கருவியும் புத்தகமும் கொடுத்தாக வேண்டும். இங்கே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகளும் வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். தளம் திறந்தால் போதுமா? சர்வீஸ் புத்தகத்தைக் கம்பெனி விற்றாக வேண்டும், கருவியை நியாய விலைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயமாக்குகிற சட்டம் வேண்டும். பட்டறைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. குழாய் கொத்தனாரிடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரின் சாவி கொத்தனாரிடம் கிடைக்காது.

அந்த வாலிபர் மறு வாரம் வந்தார். நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லவில்லை. இரட்டைச் சிலிண்டருக்குக் கொஞ்சம் நடுக்கம் உடன் பிறந்தது. விரல் மரப்பது நின்றுவிட்டது என்றார். டேப்பட் வேலைக்கும் குழாய் வேலைக்கும் சேர்த்துப் பட்டறைக்காரர் எழுநூறு ரூபாய் கேட்டார். வாலிபர் ஆயிரம் கொடுத்தார். அடுத்த தடவை தானே செய்வதற்காகத் திருகாணிகளின் படத்தை ஒரு நோட்டில் வரைந்துகொண்டு போனார்.

கொத்தனாரின் குழாயைச் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, சொன்னபடி மறுநாள் காலையிலேயே கொண்டு போய்க் கொடுத்தோம். அவர் ஒரு முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். "எண்ணெய் பட்ட குழாயிலே தண்ணி ஒட்டிக்கிட்டு நிக்குமுங்க, மட்டம் பொய் சொல்லும்" என்றார். நியாயம்தான். கடைக்குப் போய்ப் புதிதாகப் பத்து மீட்டர் வாங்கிக் கொடுத்தோம். பழைய குழாய் இப்போது பட்டறைச் சுவரில், பலகையோடு தொங்குகிறது.